பிறநாட்டுத் திருப்பணிக்குத் துரைத்தனத்தார் அளிக்கும் மான்யங்கள்

புதிதாக ஒரு கோயில் எடுப்பதினும், பழுதுற்ற கோயிலொன்றைச் செப்பனிட்டு நிலைநிறுத்துவது பன்மடங்கு புண்ணியம் என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. ஜீர்ணோத்தாரணம் என ஆகமங்கள் கூறும் இத்திருப்பணிக்கு மயமதத்தில் ஓர் அத்தியாயமே வகுக்கப்பட்டிருத்தலை நம் குலத்து ஸ்தபதிகள் நன்கறிவர். ஊரார் கூடித் தம்மூர்க் கோயிலைப் புதுப்பித்தலும், செல்வர் தம் குலதெய்வத்தின் ஆலயத்தைப் புதுப்பித்தலும் நாம் நாள்தோறும் காண்பனவே. ஆயின், ஒரு தேசத்துத் துரைத்தனத்தார் தம் குடிகளிடம் வசூலித்த பொருளைக் கடல் கடந்து அனுப்பி, வேறொரு தேசத்தில், வேறொரு மதத்தார் கட்டிய கட்டடத்தைக் காப்பாற்றுவது எதனால்? அதனால் விளைந்த நன்மை யாது? தீமை யாது? அவ்வேலையில் கல்லும் மரமும் உலோகமும் கையாளும் நம்மனோர்க்கு இடம் உண்டா? இவற்றைச் சரித்திர வழியே ஆராய்ந்து நம் சங்கத்து அன்பர்கட்குக் கூற யாம் ஈண்டு முன்வந்துள்ளோம்.

1. சோழர் காலத்து ஒரு சான்று

இவ்வழக்கம் மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. கடல்கடந்த நட்பின்பொருட்டு வேற்று மதத்தார் கோயிலுக்கு அரசன் மான்யம் அளித்தமைக்கு நம் நாட்டிலேயே ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சான்று உண்டு. ஸ்ரீவிஜய தேசத்து அரசனாகிய ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எடுப்பித்தான். சிவபாதசேகரன் என்று பேர்பெற்ற முதலாம் இராஜராஜ சோழன் தனது 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பள்ளிக்கு இறையிலியாக அளித்தான். அவன் மைந்தன் இராஜேந்திரன் அதனைச் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைபெறச் செய்தான். முதற் குலோத்துங்கன் காலத்தில் 1090 அளவில் அம்மான்யம் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. இச்செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

இதில் நாம் கருதத்தக்க செய்தி இரண்டு. சைவனாகிய அரசன் பௌத்தப் பள்ளியைப் பேணினான். கடல் வாணிபத்தாலும் அரசியல் நட்பாலும் அது நிகழ்ந்தது. தர்மமும் அரசியலும் ஒரே செப்பேட்டில் சேர்ந்திருந்தன. அங்ஙனம் போற்றப்பட்ட விகாரத்தின் கடைசிக் கோபுரம் 1867-ஆம் ஆண்டில், அந்நாளில் ஆண்ட ஆங்கிலத் துரைத்தனத்தாரின் அனுமதியுடன் இடிக்கப்பட்டது. மான்யம் எழுதிய செப்பேடு பிழைத்தது. மான்யம் பெற்ற கட்டடம் பிழைக்கவில்லை. இவ்வுண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வாராக.

2. நைல் நதிக்கரையில்

தற்காலத்தில் பல தேசத்துத் துரைத்தனங்களும் ஒன்றுகூடிப் பிறநாட்டுப் பழங்கட்டடங்களைக் காத்த பெருங்காரியம் எகிப்து தேசத்தில் நடந்தது. அஸ்வான் என்னுமிடத்தில் நைல் நதிக்குக் குறுக்கே உயர்ந்த அணையொன்று கட்ட எகிப்தியர் தீர்மானித்தனர். 1960 ஜனவரியில் வேலை தொடங்கிற்று. அணை எழுந்தால் நூபியா என்னும் நிலப்பரப்பு நீரில் மூழ்கும். அதனுடன் மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயில்களும் மூழ்கும். குடிகளின் உணவுக்கு அணை வேண்டும். முன்னோர் பெருமைக்குக் கோயில் வேண்டும். இரண்டையும் காக்கப் போதிய பொருள் எகிப்தியரிடம் இல்லை. அவர்கள் 1959-இல் யுனெஸ்கோ சபையாரை உதவி கேட்டனர். சபையார் 1960 மார்ச்சு 8-ஆம் நாள் உலகத்தாருக்குப் பொது விண்ணப்பம் விடுத்தனர்.

அக்கோயில்களுள் தலைசிறந்தது அபு சிம்பல். இரண்டாம் ராம்ஸேஸ் என்னும் அரசன் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து அமைத்தது. அதன் வாயிலில் வீற்றிருக்கும் நான்கு உருவங்களும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மீட்டர் உயரமுள்ளவை. மாமல்லபுரத்துக் குடைவரைகளை அறிந்த நமக்கு இக்காரியத்தின் அருமை எளிதில் விளங்கும். எடுத்துக் கட்டிய கோயிலாயின் கல்லைப் பிரித்து அடுக்கலாம். மலையோடு மலையாய் நிற்கும் குடைவரையைப் பெயர்ப்பது எங்ஙனம்?

மலையையே அறுப்பதென முடிவாயிற்று. 1964 முதல் 1968 வரை நடந்த வேலையில் இரு கோயில்களும் 1,036 துண்டுகளாக அறுக்கப்பட்டன. ஒவ்வொரு துண்டும் 20 முதல் 30 டன் எடையுள்ளது. ஸ்வீடன் தேசத்தார் திட்டம் வகுத்தனர்; ஜெர்மானியக் கம்பெனி ஒன்று தலைமை தாங்கிற்று; சலவைக்கல் வேலையில் பரம்பரைத் தேர்ச்சிபெற்ற இத்தாலியத் தொழிலாளர் அறுக்கும் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். பின்புறத்தில் இயந்திரத்தால் அறுத்தாலும், பார்வைக்குரிய முகப்பில் மெல்லிய கைவாள்கொண்டே அறுத்தனர். வாளின் தடம் சில மில்லிமீட்டரே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவ்விதம் அறுத்த துண்டுகளைப் பழைய இடத்தினும் ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தி, மேலே சிமென்டால் பெருங்குவிமாடம் எழுப்பி, அதன்மீது செயற்கை மலையை அமைத்தனர். 1968 செப்டம்பர் 22-ஆம் நாள் வேலை நிறைவுபெற்றது. செலவு ஏறக்குறைய 4 கோடி டாலர். ஏறத்தாழ 50 தேசத்தார் பங்கிட்டு அளித்தனர். பின்னர் 1972 முதல் 1980 வரை பிலே தீவின் கோயில்களும் அருகிலுள்ள வேறொரு தீவுக்கு மாற்றப்பட்டன. நம் இந்திய ஸர்க்காரும் இப்பெருங்கைங்கரியத்தில் பங்குகொண்டனர்; ஸ்ரீ பி. பி. லால் தலைமையில் இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையார் நூபியாவிலுள்ள அஃபியே என்னுமிடத்தில் அகழ்ந்து ஆராய்ந்தனர்.

கொடுத்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்களா? இல்லை. அகழ்ந்தெடுக்கும் பொருள்களில் பாதியை அகழ்வோர்க்கே தருவதாக எகிப்தியர் முன்னமே அறிவித்திருந்தனர். பேருதவி செய்த தேசங்களுக்குச் சிறு கோயில்களையே பரிசாகத் தந்தனர். தெந்தூர் கோயில் அமெரிக்காவுக்குச் சென்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் நிற்கின்றது; தெபோத் கோயில் ஸ்பெயினுக்குச் சென்று மாட்ரிட் நகரத்துத் தோட்டத்தில் நிற்கின்றது; தாஃபே கோயில் ஹாலந்துக்கும், எல்லேஸியா கோயில் இத்தாலிக்கும் போயின. அமெரிக்கர் அளித்த பொருளின் தன்மையும் கவனிக்கத்தக்கது. தம் நாட்டில் மிகுந்த தானியத்தை எகிப்துக்கு விற்று, விலையாக எகிப்திய நாணயத்தையே பெற்று, அந்நாட்டிலேயே சேமித்து வைத்திருந்தனர். அந்நாணயத்திலிருந்தே இத்திருப்பணிக்கு வழங்கினர். வணிகமும் தர்மமும் நட்பும் இங்கும் ஒன்றாய்க் கலந்தன. ஆயினும் அந்த மான்யம் வாராதிருந்தால் ராம்ஸேஸின் உருவங்களை இன்று மீன்களே காணும். எண்ணம் கலப்புடையதாயினும் பயன் மெய்யானது.

3. கம்போஜத்தில் மூன்று தேசத்தார்

எகிப்தில் பொருள் இருந்தது, அமைதியும் இருந்தது. அமைதியில்லாத நாட்டில் இம்முயற்சிகள் பட்ட பாடு கம்போஜத்தால் விளங்கும். சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமாலுக்கு எடுத்த அங்கோர் வாட் என்னும் பெருங்கோயிலை நம்மில் அறியாதார் இலர். பிரெஞ்சுக்காரர் அந்நாட்டை ஆண்ட காலத்தில், 1908 முதல், அவர்தம் கீழ்த்திசைக் கலாசாலையார் அங்கோர்க் கட்டடங்களைப் பேணிவந்தனர். கல்லைப் பிரித்து, இலக்கமிட்டு, அடித்தளத்தைச் செப்பனிட்டு, மீண்டும் கல்மேற் கல்லாய் அடுக்கும் முறையை ஜாவாத் தீவில் டச்சுக்காரரிடம் கற்றுவந்து, 1931 முதல் பந்தே ஸ்ரீ என்னும் சிறுகோயிலில் முதன்முதல் கையாண்டவர் ஹென்றி மார்ஷல் என்னும் பிரெஞ்சுக்காரர். கல்லைப் பிரித்து எண்ணிட்டு அடுக்குதல் நம் கல்தச்சர்க்கும் புதியதன்றாதலின், இவ்வரலாறு நமக்குச் சுவையுள்ளதாகும்.

இம்முறையின் பெருஞ் சோதனை பாபுவோன் என்னும் கோயிலில் நேர்ந்தது. இரண்டாம் உதயாதித்தியவர்மன் 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த மலைபோன்ற கட்டடம் அது. உள்ளே மணலை நிரப்பி வெளியே கல்லை அடுக்கியதால், மணலின் பாரம் தாங்காது சுவர்கள் சரிந்தன. சாந்து இல்லாத அடுக்கு வேலையாதலின் ஒரு கல் இருக்குமிடத்தில் மற்றொரு கல் பொருந்தாது. பிரெஞ்சுக்காரர் 1960-இல் அதைப் பிரிக்கத் தொடங்கினர். ஏறக்குறைய 3 லட்சம் கற்கள் சுற்றிலுமுள்ள காட்டில் வரிசையாய்ப் பரப்பப்பட்டன. எந்தக் கல் எந்த இடத்தது என்பது காகிதங்களில் எழுதப்பட்டிருந்தது. உள்நாட்டு யுத்தம் மூண்டது, வேலை நின்றது, 1975-இல் கெமேர் ரூஜ் என்னும் கூட்டத்தார் ஆட்சியைப் பிடித்தபொழுது அக்காகிதங்கள் அழிந்தன. 3 லட்சம் கற்கள் காட்டில் கிடந்தன. அவற்றின் முகவரி தொலைந்தது.

1995-இல் பிரெஞ்சு துரைத்தனத்தார் பொருளுதவியால் வேலை மீண்டும் தொடங்கியது. பாரிஸ் நகரில் பிழைத்திருந்த பழைய படங்களையும், முன்னர் அங்கே வேலைசெய்த கெமேர்த் தொழிலாளர் சிலரின் நினைவையும் துணைக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் அளந்து, அதன் செதுக்கலை ஒப்பிட்டு, இடத்தைக் கண்டனர். 2011 ஜூலையில் வேலை நிறைவெய்தியது. தொடக்கம் முதல் முடிவு வரை 51 ஆண்டுகள்! பொருள் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர் எனினும், காகிதம் அழிந்தபின் கைகொடுத்தது தொழிலாளியின் நினைவே என்பதை நம் குலத்தார் பெருமையோடு கருதலாம். ஆனால் அப்பெருமையிலேயே அச்சமும் அடங்கியுள்ளது. அந்த நினைவு உடையோர் அனைவரும் யுத்தத்தில் மாண்டிருந்தால்? இவ்வினாவுக்கு யாம் பின்னர் வருவோம்.

அங்கோர் வாட் கோயிலில் நம் இந்தியர் செய்த பணியைக் கூறுவாம். கெமேர் ரூஜ் ஆட்சி 1979-இல் வீழ்ந்தபின் அமைந்த புதிய துரைத்தனத்தைப் பெரும்பாலான தேசங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தியா 1980-இல் ஒப்புக்கொண்டது. அந்நட்பின் பயனாக 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையார் இந்திய ஸர்க்கார் செலவில் அங்கே வேலைசெய்தனர். கண்ணிவெடிகள் புதைந்த நாட்டில், துப்பாக்கி ஓசை அடங்காத காலத்தில், பிறர் செல்ல அஞ்சிய இடத்தில் நம்மவர் சென்றனர். சரிந்த சுவர்களையும் அகழிக்கரைப் படிகளையும் பாற்கடல் கடையும் சிற்பமுள்ள மண்டபத்தையும் செப்பனிட்டனர். காடு மண்டிக்கிடந்த கட்டடத்தைத் துப்புரவாக்கினர்.

ஆயின் மேனாட்டு நிபுணர் பலர் நம்மவரைக் கடிந்து எழுதினர். கல்லின்மேல் படர்ந்த பாசியை இரசாயன நீராலும் தூரிகையாலும் தேய்த்து நீக்கியமையால் செதுக்கலின் நுண்மை குன்றிற்று என்பதும், சிமென்டை மிகுதியாய்ப் பயன்படுத்தினர் என்பதும் அவர்தம் குற்றச்சாட்டு. இதில் ஓரளவு போட்டியும் பொறாமையும் கலந்திருக்கலாம். ஆனாலும் முற்றும் தள்ளத்தக்கதன்று. பாற்கடல் மண்டபத்தின் கூரையில் நீரும் உப்பும் கசிந்து சிற்பங்களைக் கெடுத்தமையால், நியூயார்க்கைச் சேர்ந்த உலக நினைவுச்சின்ன நிதியார் பின்னர் அக்கூரையை மறுபடியும் பிரித்து, பழங்கால ஸ்தபதிகள் கல்லுக்குள்ளேயே அமைத்திருந்த நீர்வழியை மீட்டு, 2012-இல் முடித்தனர். பழைய சிற்பி வைத்த நீர்வழியை அறிந்து போற்றினால் கூரை நிற்கும். அறியாது அடைத்தால் எத்தனை பொருள் கொட்டினும் நில்லாது. இஃது எல்லாத் தேசத்தார்க்கும் பொதுவான பாடம்.

1992-இல் அங்கோர் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. 1993 அக்டோபரில் டோக்கியோ நகரில் பல தேசத்தார் கூடி, பிரான்சும் ஜப்பானும் தலைமை தாங்கும் ஒரு கூட்டுக்குழுவை ஏற்படுத்தினர். அதன்பின் ஜப்பானியர் பாயோன் முதலிய கோயில்களிலும், ஜெர்மானியர் அங்கோர் வாட்டின் அப்ஸர உருவங்களிலும், சீனர் வேறு சில கோயில்களிலும் வேலை எடுத்துக்கொண்டனர். இந்தியருக்குத் தா புரோம் கோயில் கிடைத்தது. ஏழாம் ஜயவர்மன் 1186-இல் தன் அன்னையின் நினைவாக எடுத்தது. பெருமரங்களின் வேர்கள் சுவர்களைத் தழுவி நிற்பது. மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டாலும் விழும். இவ்விக்கட்டில் மரத்தையும் கல்லையும் ஒருங்கே காக்க நம் துறையார் பலவாண்டு உழைத்து, அங்குள்ள நடன மண்டபத்தை மீண்டும் நிறுத்தி, 2022-இல் திறப்பித்தனர். முன்னர்க் கேட்ட கடுஞ்சொல் வீண்போகவில்லை என்பதற்கு இப்பொறுமையே சான்று.

4. சம்பாவும் பாமியானும்

வியட்நாம் தேசத்து மீ ஸோன் என்னுமிடத்தில் சம்பா அரசர் சிவபெருமானுக்கு எடுத்த செங்கற் கோயில்கள் பல உள. 1969 ஆகஸ்டில் அமெரிக்க ஆகாயவிமானங்கள் வீசிய குண்டுகளால் அவற்றுள் தலைமையான கோயில் தகர்ந்தது. போலந்து தேசத்துக் கட்டட நிபுணர் காசிமீர் க்வியாட்கோவ்ஸ்கி யுத்தத்திற்குப் பின் அங்குச் சென்று பல ஆண்டுகள் உழைத்தார். பின்னர் இத்தாலியர் ஒரு தொகுதியைச் செப்பனிட்டனர். 2017 முதல் 2022 வரை இந்திய ஸர்க்கார் பொருளுதவியால் மூன்று தொகுதிகளில் நம் துறையார் வேலைசெய்தனர். அங்ஙனம் செய்கையில் 2020 மே மாதத்தில், ஒரே மணற்கல்லில் கடைந்த, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவலிங்கம் ஒன்று பழுதின்றி வெளிப்பட்டது. ஒரு தேசத்தார் குண்டால் சிதைத்ததை வேறு மூன்று தேசத்தார் கரண்டியும் கையுமாய்ச் சீர்ப்படுத்தியது உலகியலின் விசித்திரம்.

பாமியானின் கதை இதற்கு மாறானது. ஆப்கானிஸ்தானத்து மலைச்சுவரில் 55 மீட்டரும் 38 மீட்டரும் உயரமாய் நின்ற இரு புத்தர் உருவங்களை 1969 முதல் 1977 வரை இந்தியரும் ஆப்கானியரும் கூடிச் செப்பனிட்டனர். மழைநீர் இறங்காதபடி வழிகள் அமைக்கப்பட்டன, வெடிப்புகள் அடைக்கப்பட்டன. காலத்தின் கையிலிருந்து காத்தனர். ஆனால் 2001 மார்ச்சில் அந்நாட்டை ஆண்ட தாலிபான் கூட்டத்தார் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். மான்யம் மழையைத் தடுக்கும். மனிதனின் பகையைத் தடுக்காது. காக்கும் பொருள் அயலாரிடமிருந்து வரலாம். காக்கவேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்டாரிடமே பிறத்தல்வேண்டும். நாகப்பட்டினத்து விகாரம் நமக்குக் கற்பித்ததும் இதுவே.

5. மாதோட்டத்துத் திருப்பணி

இனி நம் தொழிலுக்கு மிக நெருங்கிய செய்தியொன்றைக் கூறுவோம். ஈழநாட்டு மன்னார்ப் பகுதியில் பாலாவிக் கரையில் விளங்கும் திருக்கேதீச்சரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். 16-ஆம் நூற்றாண்டில் பறங்கியர் அதை இடித்தனர். இடித்த கோயிலை மீட்க வேண்டுமென ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1870-களில் சைவர்களைத் தூண்டினார். பின்வந்த அன்பர்கள் சிறுகச் சிறுகத் திருப்பணி செய்தனர். அண்மைக்கால யுத்தத்தில் மீண்டும் இன்னல் நேர்ந்தது.

யுத்தம் 2009-இல் முடிந்தபின் இந்திய ஸர்க்கார் இக்கோயிலின் திருப்பணிக்கு இலங்கை நாணயத்தில் 32 கோடியே 60 லட்ச ரூபாய் மான்யம் அளித்தனர். வேலையில் இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையாரோடு மாமல்லபுரத்து அரசினர் கட்டட சிற்பக்கலைக் கல்லூரியாரும் சேர்க்கப்பட்டனர். 2022 ஜூலை 6-ஆம் நாள் மகா கும்பாபிஷேகம் நடந்தது. அக்கல்லூரி 1957-இல் சென்னை ராஜ்ய ஸர்க்காரால் தொடங்கப்பெற்றது, ஸ்ரீ வை. கணபதி ஸ்தபதியார் அதன் தலைவராய்ப் பலகாலம் இருந்து, குருகுலத்தில் வழங்கிவந்த சிற்பசாஸ்திரத்தைப் பாடத்திட்டமாக்கினார். குமரிமுனையில் 2000 ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் திருவுருவம் அவர்தம் கைத்திறம்.

இங்கே ஒரு நுட்பம் காண்க. அங்கோரில் வேலைசெய்தோர் தொல்பொருள் நிபுணர். அங்கே பழங்கல்லை மாற்றாது வைத்தலே தலையாய விதி. திருக்கேதீச்சரமோ வழிபாடு நடக்கும் கோயில். அங்கே ஆகம விதிப்படி புதுக்கல் செதுக்கி ஏற்றுதலும் கடமை. முன்னதற்கு ஆராய்ச்சியாளன் வேண்டும். பின்னதற்கு ஸ்தபதி வேண்டும். இவ்விரு நெறிகளும் தம்முள் பகைத்தனவென்று பலர் நினைக்கின்றனர். யாம் அவ்வாறு கருதவில்லை. வழிபாடற்ற பாழ்ங்கோயிலில் நம் உளி அடங்கியிருத்தல் வேண்டும். வழிபாடுள்ள கோயிலிலோ, கல்வெட்டுள்ள பழங்கல்லை எறிந்துவிட்டுப் புதுக்கல் வைக்கும் அவசரம் நமக்கு ஆகாது. நம் நாட்டுக் கோயில்களிலேயே மணலை விசையாய் வீசிச் சுவர்களைத் துலக்கியதனால் கல்வெட்டுகள் தேய்ந்த செய்தியை அறியாதார் யார்? அங்கோரில் நம்மவர்மேல் வந்த பழியை நினைத்து வருந்துவோர், உள்ளூரில் அதே பிழை நிகழும்பொழுது வாளாவிருத்தல் முறையன்று.

6. கொடுப்போர் கருத்தும் நிபந்தனையும்

இதுகாறும் கூறியவற்றால் கொடுக்கும் துரைத்தனங்கள் மூவகை என்பது பெறப்படும். முதல்வகையார் தம் முன்னோர் பிறநாட்டில் விட்டுச்சென்ற சுவடுகளைக் காப்போர். தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டையுள்ள ஊரில், டென்மார்க்குத் தேசிய அருங்காட்சியகத்தார் பழைய கவர்னர் மாளிகையைப் புதுப்பிக்கத் துணைநின்றது இவ்வகை. இரண்டாம் வகையார் அரசியல் நட்பை வளர்க்கக் கொடுப்போர். மூன்றாம் வகையார் மக்கட்குலம் அனைத்துக்கும் பொதுச்சொத்து என்று கருதிக் கொடுப்போர். பெரும்பாலும் மூன்றும் கலந்தே வரும். இராஜராஜன் செப்பேட்டிலும் கலந்தே இருந்தன.

இக்காலத்தில் இவ்வுதவிக்கென்றே நிலையான நிதிகள் ஏற்பட்டன. ஜெர்மானியர் 1981-இலும், ஜப்பானியர் யுனெஸ்கோ வாயிலாக 1989-இலும், அமெரிக்கர் தம் ஸ்தானாபதிகள் வழியாக வழங்கும் நிதியை 2001-இலும், ஆங்கிலேயர் 2016-இலும் தொடங்கினர். கேட்பவர் முதலில் கட்டடத்தின் பெருமையை எழுத்தில் நிறுவவேண்டும், இப்போதைய நிலையைப் படத்தாலும் அளவாலும் காட்டவேண்டும், செலவுத்திட்டம் தரவேண்டும், வேலை முடிந்தபின் யார் பேணுவர் என்பதைச் சொல்லவேண்டும். இவை நியாயமான நிபந்தனைகளே. ஆயின் இதில் ஒரு குறையும் உண்டு. எழுதத் தெரிந்தவன் மான்யம் பெறுகின்றான்; செய்யத் தெரிந்தவன் அவனிடம் கூலிக்குப் போகின்றான். கல்லைத் தட்டி ஓசையால் அதன் குற்றம் காண வல்ல முதியவரின் பெயர் அறிக்கையில் ஓரிடத்தும் இராது.

7. நம் கடமை

இக்குறைக்குப் பிறரை நோவதில் பயனில்லை. பாபுவோன் கோயிலின் 3 லட்சம் கற்களை மீண்டும் நினைமின். காகிதமும் இருந்து, நினைவும் இருந்தால் வேலை சிறக்கும். காகிதம் அழிந்தால் நினைவு காக்கும். நினைவு அழிந்தால் காகிதம் காக்கும். இரண்டும் அழிந்தால் கல் வெறுங்கல்லே. நம் குடும்பங்களில் நினைவு குறைந்து வருகின்றது. உளிபிடித்த தந்தையின் மைந்தன் வேறு உத்தியோகம் நாடிச் செல்கின்றான். அவனைக் குறைகூற யாம் துணியோம், ஏனெனில் வயிற்றுப்பாடு பெரிது. ஆனால் அவன் போகுமுன் தந்தையின் அறிவு ஏட்டில் ஏறிவிட்டதா என்பதே எம் கேள்வி.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கட்கு மூன்று விண்ணப்பம் செய்கின்றோம். முதலாவது, வீட்டுப் பரண்மேல் கிடக்கும் சிற்பநூல் ஏடுகளையும், பாட்டன்மார் கைப்பட வரைந்த கோயில் வரைபடங்களையும், தாளக் கணக்குக் குறிப்புகளையும் செல்லுக்கு இரையாக விடாது எடுத்துப் படம்பிடித்து, பிரதி ஒன்றேனும் வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். பாபுவோனைக் காத்தவற்றுள் பாரிஸில் இருந்த பிரதிப் படங்களும் ஒன்றல்லவா? இரண்டாவது, நம்மவர் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு திருப்பணியிலும், ஒரு கல்லைப் பெயர்க்கும் முன்னர் அதன் இடம், அளவு, எழுத்து ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்படவேண்டும். ஒரு நோட்டுப் புஸ்தகமும் ஓர் இளைஞனும் இதற்குப் போதும். மூன்றாவது, படித்த நம் பிள்ளைகளுள் சிலரேனும் தொல்பொருள் சாஸ்திரத்தையும் கட்டடப் பாதுகாப்புச் சாஸ்திரத்தையும் கற்று, தாத்தாவின் உளியறிவுக்கும் துரைத்தனத்தாரின் விண்ணப்பத்தாளுக்கும் நடுவே பாலமாய் நிற்கவேண்டும். நம் பெண்மக்களும் இக்கல்வியில் பின்தங்குதல் கூடாது.

பொருள் எத்தேசத்திலிருந்தும் வரலாம். கப்பலேறியும் வரலாம், ஓலையேறியும் வரலாம். கைத்திறன் அங்ஙனம் வருவதன்று. தலைமுறை தலைமுறையாய் வீட்டிலேயே விளைவது. அதனைப் பேணும் மான்யத்தை எந்தத் துரைத்தனத்தார் தந்தாலும் நன்றியோடு பெறுவோம். தாராவிடினும் நாமே நமக்குத் தந்துகொள்வோம். விசுவகர்மாவின் வழிவந்தோர் எனப் பெருமை பேசும் நாம், அப்பெருமைக்குரிய ஏடுகளையும் அறிவையும் அழியாது அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்போமாக. அதுவே நாம் இயற்றவேண்டிய முதல் ஜீர்ணோத்தாரணம்.

சுபம்.